ஐந்து இருபதுக்கு எழுதிய வரி

"அப்ப இந்தக் கடைசி வரியை எழுதினது ஆர், தங்கச்சி?"

"அது என் கையெழுத்து இல்லைங்க சேர்."

"வீட்டில ஆரும் பகிடிக்கு எழுதினாங்களோ?"

"ரூம்ல நான் மட்டுந்தாங்க."

கொட்டாஞ்சேனையில் ஒரு கிளினிக்கின் மாடியறை. இதயத்துடிப்பைப் பதியும் சின்னப் பெட்டியை இராமலெட்சுமியின் இடுப்பில் நேற்றுக் கட்டிவிட்டவர், இப்போது கேள்வி கேட்கும் டெக்னீசியன் பிறெடிதான். அதோடு ஒரு தாளும் கொடுத்திருந்தார், உடம்புக்கு ஏதாவது செய்தால் நேரம் போட்டுக் குறித்துவைக்க. அதை அவள் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு இரவு தூங்கியிருந்தாள்.

நேற்றுப் பின்னேரம் 4.10 மூக்கடைப்பு. 4.40 தொண்டையில் ஏதோ நிற்கிறது. 5.05 நெஞ்சு ஒரு துடிப்பைத் தவறவிட்டது. எல்லாம் அவளுடைய நீல மை. அதற்குக் கீழே சிவப்பில், சாய்ந்த அழகான எழுத்தில்: 5.20 நின்றுவிட்டது.

"நிண்டிருந்தா நீங்க இவ்வளவு படி ஏறி வந்திருக்க ஏலாதே," என்று சிரித்த பிறெடி, பெட்டியின் பதிவைத் திரையில் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினார். "ஒரு துடிப்புக்குப் பின்னால இன்னொண்டு சின்னதாப் போகுது. வயர் லூசாயிருக்கும். இன்னும் ஒரு நாள் போட்டுப் பாப்பம்."

வாடகை அறைக்கு வந்த இந்த ஐந்து மாதமாக மூக்குக்கு ஒரு டொக்டர், நெஞ்சுக்கு ஒரு டொக்டர். எல்லாம் நோர்மல் என்றார்கள். வெள்ளவத்தைச் சேலைக்கடையில் வாடிக்கையாளருக்கு விலை சொல்லும்போதே குரல் அடைத்துப்போகிறது. இந்த மாதத்தோடு நின்றுகொள்ளச் சொல்லிவிட்டார் முதலாளி. அதைவிட, இந்த நோய்க்கு ஒரு பெயர் கிடைத்தால் போதும் என்றிருந்தது அவளுக்கு. பெயர் இல்லாத நோயை யாரும் நம்புவதில்லை.

இடுப்பில் அதே பெட்டியும் கையில் புதிய தாளுமாக அறைக்குத் திரும்பினாள். வீட்டுக்காரி ஜெயராணி முற்றத்தில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"அன்ரி, எனக்கு முந்தி இந்த ரூம்ல யாரு இருந்தாங்க?"

"ஒரு ரியூசன் ரீச்சர், பிள்ளை. அனுஷியா. பாவம், அவவுக்கும் மூக்கும் தொண்டையும்தான். பிறகு நெஞ்சு. பைல் நிறைய ரிப்போட். எல்லாம் நோர்மல் எண்டு சொல்லிப்போட்டினம். ஒரு பின்னேரம் அஞ்சு இருபது ரயில் போகேக்க, படுத்தபடியே..."

"அவங்க படுத்த கட்டில்லயா நான் படுக்கிறேன்?"

"சீ, மெத்தையெல்லாம் எறிஞ்சிட்டன். தலையணைக்குள்ள நல்ல இலவம்பஞ்சு. மூண்டு நாள் வெயில்ல போட்டு, புது உறை தைச்சனான். பஞ்சு என்ன பாவம் செய்தது?"

இராமலெட்சுமி மேலே ஓடி, தலையணையை இரண்டு விரலால் தூக்கி வெளியே போட்டுக் கதவைச் சாத்தினாள்.

கொஞ்ச நேரத்தில் மூக்குத் திறந்தது. இரண்டு பக்கமும். கடலின் உப்பு, கீழ்வீட்டு மீன்குழம்பு, கழிவுநீர்க் கானின் நாற்றம். ஐந்து மாதத்துக்குப் பிறகு எல்லாம் மணத்தன. பழைய பஞ்சின் தூசி, அவ்வளவுதான். தனியே சிரித்துக்கொண்டு எழுதினாள்: 4.50 மூக்குத் திறந்தது.

பிறகு இன்னொரு மணம் வந்தது.

தைலம். நெஞ்சில் தடவுகிற தைலம். அவள் அதைத் தொட்டு ஒரு வாரமாகிறது.

கட்டில் பக்கம் யாரோ அடைத்த மூக்கால் மூச்சை இழுத்தார்கள்.

அவள் தன் மூச்சை அடக்கிக்கொண்டாள்.

சத்தம் நிற்கவில்லை.

கடலோரமாக ரயில் வந்தது. யன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அவள் நெஞ்சு ஒரு தடவை துடித்தது. சற்றுப் பிந்தி, சின்னதாய் இன்னொன்று.

ரயில் போய்விட்டது. மூச்சுச் சத்தமும் இல்லை.

அவளுடைய மூக்கு மெல்ல அடைத்துக்கொண்டது.

மேசையில், நீல வரிக்குக் கீழே, சிவப்பு மை இன்னும் காயவில்லை.

5.20 தூசி இல்லை. நானும் அப்படித்தான் நினைத்தேன். நாளைக்கு டொக்டர் என்ன சொல்கிறார் என்று எனக்கும் ஒருக்கால் சொல்வீர்களா, தங்கச்சி?