பலகையில் ஒரு பச்சைப் பொய்!

செத்துக் கிடந்தவளின் செல்போன் அடித்தது!

சட்டசபைக் கட்டடத்தில் ஓர் உறுப்பினரின் அறை. மேஜைக்கு அடியில் கிடந்து அதிர்ந்து அதிர்ந்து தரையில் நகர்ந்தது. திரையில் 'வீட்டுக்காரர்' என்று வந்தது.

இன்ஸ்பெக்டரம்மா குனிந்து எடுத்தாள். செத்துக் கிடந்தவள் அவளுடைய தம்பி மனைவி. கூப்பிடுகிறவன் கூடப் பிறந்த தம்பி!

"ஸ்பீக்கர்ல போடும்மா" என்றார் பின்னால் நின்ற கமிஷனர்.

போட்டாள்.

"ஏண்டி! எத்தனை தடவை அடிக்கிறது? அந்த ஆள்கிட்ட வேலை பார்த்தது போதும்னு காலையில அங்கயே வந்து தொண்டை கிழியச் சொன்னேன்ல? சாயந்தரம் வீட்டுக்கு வா... கொன்னுடறேன்!"

கமிஷனர் புருவத்தைத் தூக்கினார்.

"என்னம்மா சொல்றான் உன் தம்பி?"

"சார்! கொன்னவன் எதுக்கு சார் செத்தவளுக்கு போன் பண்றான்?"

"நாடகம்! காலையில இந்த ரூம்ல நின்னு கத்திட்டுப் போயிருக்கான். கேட்ல இருக்கிற காவலாளியே சாட்சி. கொஞ்ச நேரத்துல இவ பொணம்! நடைபாதையில கேமரா இல்லையா?"

"போன மழையில நனைஞ்சு செத்துப் போச்சாம் சார். வெள்ள நிதி வந்ததும் மாத்துவாங்களாம்..."

"சரி, கேளு. உன் தம்பியைத் தூக்கச் சொல்லியாச்சு. சாயந்தரம் வரைக்கும்தான் உனக்கு டயம். அப்புறம் வேற ஆள் கையில கேஸ். அக்கா விசாரிச்சு தம்பி தப்பிச்சான்னு ஊர் பேசக் கூடாது!"

அவ்வளவுதான் விஷயம். பொழுது சாய்வதற்குள் உண்மையான கொலைகாரனைக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் தம்பி ஆயுளுக்கும் கம்பி எண்ண வேண்டியதுதான்!

போலீஸ் டாக்டர் எழுந்து கையுறையைக் கழற்றினார்.

"கழுத்தை நெரிச்சிருக்கான். ரெண்டு கையாலயும்! பத்து விரலும் பதிஞ்சிருக்கு, பாருங்க. இந்தப் பொண்ணும் சும்மா விடலை... நகம் உடைஞ்சிருக்கு. நல்லாப் பிராண்டியிருக்கா."

"எப்போ நடந்திருக்கும் டாக்டர்?"

"சபையில ஓட்டெடுப்பு நடந்த நேரம்தான்."

"அய்யோ... என் பொண்ணு மாதிரி இருந்தாளே!"

கதவருகே ஓர் ஓலம்!

ஓலமிட்டவரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ஊரெல்லாம் அவரைக் 'கேள்விக்காரர்' என்றுதான் கூப்பிடும். எந்தக் கட்சியிலும் சேராத சுயேச்சை உறுப்பினர். சபை கூடினால் போதும், எழுந்து நின்று விடுவார். ஆற்றங்கரைச் சுவர் எங்கே, வெள்ள நிதி எங்கே என்று மேஜையைத் தட்டித் தட்டிக் கேட்பார். கேட்டதெல்லாம் சரி. ஆனால் ஓட்டெடுப்பு என்று வந்தால், அந்த நிதியில் கை வைக்கிற ஒவ்வொரு தீர்மானத்துக்கும் ஆதரவுதான்! ஒரு தடவை கூட மாறியதில்லை. பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டுகிற விலாங்கு.

அந்தக் கேள்விகளை எழுதிக் கொடுத்தது, தரையில் கிடக்கிற அவருடைய உதவியாளர்!

இப்போது கேள்விக்காரரின் இடது கை, கழுத்திலிருந்து தொங்கிய வெள்ளைத் துணித் தொட்டிலில் கிடந்தது. முழங்கையிலிருந்து விரல் நுனி வரை கட்டு.

"கையில என்ன சார்?" என்றாள் இன்ஸ்பெக்டரம்மா.

"பேப்பர் படிக்கிறதில்லையாம்மா? போன வாரம் வெள்ளத்துல ஒரு குழந்தையைத் தூக்கப் போய் எலும்பு ரெண்டாப் போச்சு!"

"ஓட்டெடுப்பு நேரத்துல எங்க இருந்தீங்க?"

கேள்விக்காரருக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. கேட்டே பழகியவருக்குப் பதில் சொல்வது பிடிக்காது.

"என்னையே கேக்கிறியா? சபையில இருந்தேன்! ஓட்டுப் பலகையில என் பேர் ஆதரவுப் பச்சையா எரிஞ்சதை நாடே பார்த்துச்சு. ஒரு ஓட்டு வித்தியாசத்துல தீர்மானம் ஜெயிச்சதே என்னாலதான்! போம்மா... போய் உன் தம்பியைக் கேளு. குடும்பமே ரவுடிக் கும்பல்!"

கமிஷனர் அவளை முறைத்தார்.

"ரெண்டு கையால நெரிச்சிருக்கு, அவருக்கு ஒரு கை. நேரமோ ஓட்டெடுப்பு நேரம், அவர் சபையில. இதுக்கு மேல என்னம்மா வேணும் உனக்கு?"

*

லாக்கப் கம்பிக்குப் பின்னால் தம்பி சுவரில் தலையை முட்டிக்கொண்டிருந்தான்.

"நீ அக்காவா வந்திருக்கியா, போலீஸா வந்திருக்கியா?" என்றான். குரலில் நெருப்பு.

"ரெண்டும்தாண்டா. சொல்லு, காலையில எதுக்குச் சண்டை?"

"அந்த ஆளை விட்டு வந்துடுன்னேன். கேக்கலை. 'நான் எழுதற கேள்வியைக் காட்டித்தான் அந்த ஆள் ஆளும் கட்சிக்காரங்ககிட்ட விலை பேசறான். கேள்வி காரமா இருந்தா ரேட்டும் ஏறுது'ன்னு சொன்னா. போன வெள்ளத்துல அவ அம்மா போனாங்கல்ல... சுவர் இருந்திருந்தா அவங்க இருந்திருப்பாங்கக்கா!"

"அப்புறம்?"

"நிதியை வேற வேலைக்குத் திருப்பற தீர்மானம் இன்னிக்கு. 'இதுக்கும் பச்சை அமுக்கினா, வாசல்ல நிக்கிற பத்திரிகைக்காரங்ககிட்ட எல்லாத்தையும் சொல்லிடுவேன்'னு அவன் மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டாளாம். எனக்குப் பயம். அதான் கத்தினேன். கொன்னுடுவேன்னு... வாய்தான்க்கா எனக்கு. உனக்குத் தெரியாதா?"

தெரியும். சின்ன வயதில் அவளையே தினமும் கொன்றவன்தான். வாயால்!

"அழாதடா. சாயந்தரத்துக்குள்ள வந்துடறேன்."

சொல்லிவிட்டாள். எப்படி என்றுதான் தெரியவில்லை.

*

சபை, மதிய இடைவேளையில் வெறிச்சோடிக் கிடந்தது. வாசலில் மட்டும் இரண்டு பேர் முட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஒருவர் ஆளும் கட்சிக் கொறடா. கட்சிக்காரர்களைக் கட்டி மேய்த்து ஓட்டுப் போட வைக்கிறவர். இன்னொருவர், முன்னால் இடம் போதாமல் கடைசி வரிசைக்குத் தள்ளப்பட்ட அதே கட்சி உறுப்பினர்.

"என் கண்ணு முன்னாடி குத்துக்கல்லு மாதிரி உக்காந்திருந்தே! பலகையில உன் பேர் ஏன்யா எரியலை?" கொறடாவின் மீசை துடித்தது.

"மெ... மெஷின் கோளாறு தலைவரே..."

"உனக்கு மட்டும் கோளாறா? கட்சி உத்தரவை மீறினா பதவி காலி, தெரியும்ல?"

இன்ஸ்பெக்டரம்மா அவர்களைத் தாண்டி உள்ளே போனாள். அவள் கவலை அவளுக்கு.

கடைசி வரிசையின் மூலையில் கேள்விக்காரரின் இருக்கை. சபைக் காவலர்களின் தலைவரான மார்ஷல், மதியக் கூட்டத்துக்காக ஓட்டுப் பலகை விளக்குகளைச் சோதித்துக்கொண்டிருந்தார். அவள் அந்த இருக்கையில் உட்கார்ந்தாள். செல்போன் கத்தியது.

"என்னம்மா பண்றே அங்க?" கமிஷனர்! "வேடிக்கை பார்க்கவா போயிருக்கே? பேசாம கேஸைக் குடுத்துட்டுப் போ!"

"இன்னும் பொழுது சாயலை சார்..."

ஒரு கையில் போன். ஆத்திரத்தில் இன்னொரு கையால் எதிரே இருந்த பச்சைப் பொத்தானை அமுக்கினாள்.

பலகையில் ஒன்றும் எரியவில்லை.

மறுபடி அமுக்கினாள். ஊஹூம்!

"அது அப்படி எரியாதும்மா" என்றார் மார்ஷல். "ஒரு கையால இந்த ஓரத்து விசையைப் பிடிச்சுக்கணும். இன்னொரு கையால பச்சையோ, சிவப்போ. மணி அடிச்சு ஓயற வரைக்கும் ரெண்டையும் விடக் கூடாது. ஒருத்தர் கையை நீட்டிப் பக்கத்து சீட்டுக்கும் சேர்த்து அமுக்கிடக் கூடாதுன்னுதான் இந்த ஏற்பாடு."

இன்ஸ்பெக்டரம்மா போனைக் கீழே வைத்தாள்.

"அப்போ... ரெண்டு கையும் வேணுமா?"

"ரெண்டும் வேணும்."

"இதுக்குப் பக்கத்து சீட் யாருது?"

மார்ஷல் வாசல் பக்கம் கையைக் காட்டினார். கொறடாவிடம் இன்னும் திட்டு வாங்கிக்கொண்டிருந்த அந்த ஆளை!

*

மதியக் கூட்டத்துக்கு உறுப்பினர்கள் வந்துகொண்டிருந்தார்கள். நடைபாதையில் கேள்விக்காரரைச் சுற்றிப் பத்திரிகைக்காரர்கள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். வலது கையால்!

"தங்கமான பொண்ணு... புருஷன்காரன் படுபாவி..."

"ஒரே ஒரு சந்தேகம் சார்." கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள் இன்ஸ்பெக்டரம்மா. பின்னாலேயே கமிஷனர், கடுகடுவென்று.

"மறுபடியும் நீயா? சொல்லித் தொலை!"

"உங்க ஓட்டை நீங்கதான் போட்டீங்களா?"

"பின்னே உங்கப்பனா வந்து போட்டான்?"

"அந்த மெஷினுக்கு ரெண்டு கை வேணும். உங்களுக்கு ஒரு கைதானே? கை ஒடிஞ்சது நிஜம்னா ஓட்டு பொய். ஓட்டு நிஜம்னா கை பொய். எது சார் பொய்?"

கேமராக்கள் திரும்பின.

கேள்விக்காரரின் நெற்றியில் முத்து முத்தாக வியர்வை. ஒரு கணம்தான்! அடுத்த கணம் பெரிதாகச் சிரித்தார்.

"கெட்டிக்காரிம்மா நீ! சரி, ஒத்துக்கறேன். கை ஒடியலை. ஜனங்க அனுதாபத்துக்காக ஒரு சின்ன வேஷம். அரசியல்ல இதெல்லாம் சகஜம்!"

துணித் தொட்டிலை உருவி எறிந்தார். கட்டைப் பரபரவென்று பிரித்தார். இடது கையைத் தலைக்கு மேலே தூக்கி விரித்துக் காட்டினார்.

"இந்தா பாரு... கல்லு மாதிரி இருக்கு! ஆமா, ரெண்டு கையாலயும் ஓட்டுப் போட்டேன். கொலை நடந்தப்ப நான் சபையிலதான் இருந்தேன். போதுமா? வேஷத்துக்கு ஒரு மன்னிப்பு. அவ்வளவுதானே!"

கமிஷனர் தலையில் அடித்துக்கொண்டார்.

"போச்சும்மா... எல்லாம் போச்சு!"

"போகலை சார்." இன்ஸ்பெக்டரம்மா நகரவில்லை. "கட்டை அவர் கையாலயே அவுக்கணும்னுதான் காத்திருந்தேன். அந்த மணிக்கட்டைப் பாருங்க!"

பார்த்தார்கள்.

தூக்கிய கையின் மணிக்கட்டில் செக்கச் செவேலென்று நாலு கோடுகள். நகக் கீறல்கள்! ரத்தம் கூட முழுசாய்க் காயவில்லை!

கேள்விக்காரர் கையைப் பட்டென்று இறக்கினார்.

"இது... பூனை... வீட்டுப் பூனை..."

"போன வாரம் போட்ட கட்டுக்குள்ள இன்னிக்குப் புகுந்து பிராண்டின பூனையா சார்? அவ நகத்துல இருக்கிற தோல் யாருதுன்னு டாக்டர் சொல்லிடுவார்!"

"ஓட்டு! என் ஓட்டு இருக்கே! பலகையில..."

"அதையும் கேட்டுடலாம். இப்படி வாங்க அய்யா!"

கொறடா, பக்கத்து சீட்டுக்காரரின் சட்டைக் காலரைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"சபையில உக்காந்திருந்தீங்க. ஆனா உங்க பேர் எரியலை. ஏன்னா உங்களுக்கும் ரெண்டே கைதான்! அந்த ரெண்டும் அப்போ எந்த சீட்ல இருந்துச்சு?" என்றாள் இன்ஸ்பெக்டரம்மா. "மெஷின் கோளாறுன்னே சொல்லுங்க. பதவியும் போகும், கொலைக்கு உடந்தைன்னு ஜெயிலும் கிடைக்கும்."

பக்கத்து சீட்டுக்காரர் பொலபொலவென்று அழுதுவிட்டார்.

"இவருதாங்க! 'வயித்தைக் கலக்குது, எனக்குப் பச்சை அமுக்கிடு. உன் ஒரு ஓட்டு குறைஞ்சா எவன் பார்க்கப் போறான்'னாரு. எப்படியும் நம்ம பக்கத்துக்கு ஒரு ஓட்டுதானேன்னு நினைச்சேன்... மணி ஓயற வரைக்கும் கையை எடுக்க முடியலை... கொலைன்னு சத்தியமாத் தெரியாதுங்க!"

கூட்டத்தில் நின்ற மார்ஷல் உள்ளே ஓடினார். சபாநாயகரிடம்!

இன்ஸ்பெக்டரம்மா கேள்விக்காரரின் முகத்துக்கு நேரே போய் நின்றாள். இத்தனை நேரம் அடக்கி வைத்திருந்தது கண்ணில் முட்டிக்கொண்டு வந்தது.

"என் தம்பி பொண்டாட்டி அவ. என் வீட்டுப் பொண்ணு! அவ எழுதின கேள்வியை வித்தே வயிறு வளர்த்த. கடைசியில அவளையே... நீயெல்லாம் மனுஷனாடா?"

"மரியாதை! நான் யாரு தெரியுமா? எந்தக் கட்சிக்கும் பயப்படாத சுயேச்சை!"

"அதான் உன்னைக் காப்பாத்த எந்தக் கட்சியும் வரலை."

கமிஷனர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, தானே லாக்கப்புக்கு போன் போட்டார். விடுதலை என்றார். பிறகு போனை அவளிடம் நீட்டினார்.

"அக்கா..." தம்பியின் குரல் உடைந்து வந்தது. "இப்போ அவளை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாமாக்கா?"

"வரேண்டா. நானும் கூட வரேன்."

அப்போது நடைபாதை ஒலிபெருக்கி கரகரத்தது. சபாநாயகர்! காலை ஓட்டெடுப்பில் ஓர் ஓட்டு செல்லாது. மிச்சமெல்லாம் சரிசமம். சமமாக வந்தால் தீர்மானம் தோற்றதாகத்தான் அந்தச் சபையில் விதி. வெள்ள நிதி, ஆற்றங்கரைச் சுவருக்கே!

செத்தவள் ஜெயித்துவிட்டாள்!

இன்ஸ்பெக்டரம்மா புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு விலங்கை எடுத்தாள். கேள்விக்காரர் பழக்க தோஷத்தில் இடது கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, வலது கையை மட்டும் நீட்டினார்.

"அதுவும் ஓட்டு மாதிரிதான் சார்..." என்றாள் அவள். "ரெண்டு கையும் வேணும்!"