பாதிக் கட்டில்

தனியார் ஆஸ்பத்திரியில் கட்டச் சொன்ன முன்பணத்தைக் கேட்டதும் தையல்காரி மூச்சடைத்துப் போய் நின்ற நிலையில், நோயாளி அவளா புருஷனா என்று அங்கிருந்தவர்களுக்கே சந்தேகம் வந்துவிட்டது. பழைய பெயிண்ட்டைச் சுரண்டிச் சுரண்டி, ஊரார் வீட்டுச் சுவரையெல்லாம் நெஞ்சுக்குள் இழுத்துக்கொண்ட பெயிண்டர் புருஷனைத் தோளில் சாய்த்துக்கொண்டு, மழை மூட்டமான மத்தியானத்தில் தர்மாஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தாள்.

வார்டில் எள் போட்டால் கீழே விழாது. தப்பித்தவறி விழுந்தாலும் அதன்மேல் ஒருவர் படுத்துவிடுவார். கட்டிலுக்கு இரண்டு பேர், கட்டிலடியில் ஒருவர். பினாயிலும் ஈரத்துணியும் கலந்த வாடை.

"ஆக்சிஜன் பைப்பு கட்டிலுக்குத்தான் எட்டும். தரைக்கு எட்டாதும்மா," என்றாள் ஆயா.

பெயிண்டரின் உதடு நாவற்பழமாகக் கறுத்துக்கொண்டிருந்தது.

மூலைக் கட்டிலில் மட்டும் ஒரே ஓர் ஆள், சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். பாதிக் கட்டில் காலி. அத்தனை கூட்டத்தில்!

"அந்த அண்ணன்கிட்ட கேக்கட்டுமா?"

"எந்த அண்ணன்?" என்ற ஆயா, அந்தப் பக்கம் பார்க்காமலே நகர்ந்துவிட்டாள்.

"அங்க படுக்கறதுக்கு நான் இங்கயே செத்துருவேன்," என்றார் தரையில் கிடந்த மீசைக்காரர்.

"ஆமா, பெரிய ராஜா. கட்டில் கசக்குது," என்று அவரைத் தாண்டிப் போனாள் தையல்காரி. "அண்ணே, கொஞ்சம் நகந்துக்கிறீங்களா?"

நகர்ந்தார். கட்டில் கிறீச்சிடவில்லை. ஐஸ்பெட்டியைத் திறந்தாற்போல் ஒரு குளிர் வந்து முகத்தில் அடித்தது.

புருஷனைக் காலிப் பாதியில் படுக்கவைத்து, ஆயா தூரத்திலிருந்தே நீட்டிய மாஸ்க்கை வாங்கி மாட்டினாள். கறுத்த உதட்டில் மெல்லச் சிவப்பு திரும்பியது. வாயைத் துடைத்துவிட மாஸ்க்கைக் கழற்றி, அந்த அண்ணன் பக்கத் தலையணையில் வைத்தாள்.

வெறும் மாஸ்க்கில் ஆவி படர்ந்தது.

மறைந்தது.

மறுபடி படர்ந்தது.

தலையணையில் ஆள் இல்லை. தலை வைத்த குழி மட்டும் இருந்தது.

"எந்திரிச்சு வந்துரு தாயி," ஆயா கிசுகிசுத்தாள். "ரெண்டு பேருக்கு ஒரே பைப்பு. மாத்தி மாத்தி வெச்சாங்க. தன் முறை வர்றதுக்குள்ள அவன் போயிட்டான். இன்னும் காத்துக்கிட்டிருக்கான். பக்கத்துல படுத்தவங்க யாரும் பொழச்சதில்ல."

எழுந்து எங்கே போவது? தரையில் எமன், கட்டிலில் பேய். பேயாவது முன்பணம் கேட்கவில்லை.

மாஸ்க்கைப் புருஷனுக்கு மாட்டிவிட்டு, அந்தக் குழிப் பக்கம் குனிந்தாள்.

"அண்ணே... கட்டில்ல பாதி குடுத்தீங்க. அவரு மூச்சுல பாதி எடுத்துக்குங்க. முழுசா எடுத்துராதீங்க. எனக்கு வேற ஆளில்ல."

தலையணைக் குழி மெல்ல அசைந்தது.

தலையாட்டுவதுபோல.

செத்துப்போவார் என்று வார்டே முடிவு கட்டிய பெயிண்டர் சில நாளில் எழுந்து நடந்தார். வேடிக்கை பார்க்க டாக்டர்களே வரிசையில் நின்றார்கள் என்று ஆயா இன்றைக்கும் அடித்துச் சொல்வாள். மூலைக் கட்டிலில் குளிர் விட்டுப்போயிருந்தது. முதல் ஆளாகத் தாவி ஏறிய மீசைக்காரர், "இப்ப சும்மா கதகதன்னு இருக்கு," என்று கால் நீட்டினார்.

அதைக் கேட்டதும், அந்தக் குளிர் எங்கே போயிற்று என்று தையல்காரி புருஷனைத் திரும்பிப் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்ததும் பாய் விரித்தாள். சாயங்கால வெளிச்சம் இன்னும் போகவில்லை. பெயிண்டர் பாயின் ஓரத்தில் ஒண்டிப் படுத்தார்.

"நடுவுல படுங்களேன். யாரு வரப்போறா?"

"அவருக்கு இடம் வேணாமா?" என்றார் கண்ணை மூடியபடியே. தூங்கிப்போனார்.

நெஞ்சு ஏறியது. இறங்கியது.

நின்றது.

பாயின் காலிப் பக்கத்தில் வைத்திருந்த எவர்சில்வர் டம்ளரில் ஆவி படர்ந்தது. மறைந்தது.

அதன்பிறகுதான் பெயிண்டரின் நெஞ்சு மறுபடி ஏறியது.

ஒன்று இவருக்கு. ஒன்று அவருக்கு.

கொடுத்த வாக்கு. யாரைக் குறை சொல்வது? தையல்காரி போர்வையை உதறி, இரண்டு பாதிக்கும் சேர்த்துப் போர்த்தினாள்.

காலிப் பக்கத்தில் போர்வை பாயில் படியவில்லை.