பதினோரு முறை வராதவள்

ஏரிக்கரை ஓட்டலின் கண்ணாடிக் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு அவள் உள்ளே வந்தபோது, மழையும் கூடவே நாலடி உள்ளே வந்தது. குடை இருந்தும் பாதி நனைந்திருந்தாள். இமையில் ஒரு துளி... விழுவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது.

வரவேற்பு மேசைக்குப் பின்னால் இருந்தவன் நிமிர்ந்து பார்த்தான். துளி விழுந்தது.

"ஒரு அறைக்கு என்ன வாடகை?"

"எத்தனை பேர்? எத்தனை நாள்?"

"யாரும் தங்கல. வாடகை தெரிஞ்சா போதும்."

"மழைக்கு ஒதுங்க வந்தீங்கன்னா சும்மாவே உக்காரலாம். அதுக்கு வாடகை இல்ல." அவன் முகம் சிரிக்கவில்லை. கண்கள் மட்டும்...

அவளுக்குக் காது மடல் சூடானது. "நான் ஒதுங்க வரல. ஒப்பிட்டுப் பாக்க வந்தேன்."

உண்மைதான். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை அவளுக்கு. சந்தேகம் வந்தால் மூன்று முறை சோதிக்காமல் எந்த முடிவிலும் கையெழுத்துப் போடமாட்டாள். இப்போது சோதனைக்கு வந்திருப்பது ரத்தம் இல்லை, அக்காவின் தொழில். வீட்டிலிருந்தே செய்யலாம், ஒரு கணினி போதும் என்று மூன்று மாதம் முன்பு அக்கா சேர்ந்த திட்டம் அது. கட்டணம் கட்டி உறுப்பினர் ஆனால் உலகம் முழுக்க ஓட்டல் அறைகள் பாதி விலை. இன்னொருவரைச் சேர்த்துவிட்டால் அவர் கட்டுவதில் ஒரு பங்கு.

"நாளைக்குள்ள நீ என் கீழ சேரணும்டி. அப்புறம் அந்த லேப் வேலை எதுக்கு? விட்டுடு" என்று அக்கா சொல்லியிருந்தாள். அம்மா போன பிறகு இவளைப் படிக்கவைத்தவள் அக்கா. அவள் கேட்டு இவள் முடியாது என்று சொன்னதே இல்லை. சொன்னால் அந்த முகம் என்ன ஆகும்...

இருந்தாலும் சோதிக்காமல் எப்படி? இரண்டு வாரமாக அக்காவின் எண்ணைப் போட்டு அந்தத் தளத்தில் விலை பார்த்தாள். சோதனையில் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். அதனால் எப்போதும் இதே ஓட்டல், இதே அறை, தேதி மட்டும் வேறு. பிறகு இங்கும் இன்னும் ஏழு ஓட்டல்களிலும் போனில் விலை கேட்டாள். நேரில் கேட்பது மூன்றாவது சோதனை.

"வாடகை சொல்லலாம். ஆனா இன்னிக்கு அறை இல்ல" என்றான் அவன்.

"உங்க பின்னால ஒரு சாவி தொங்குதே."

"அது பிடிச்சு வெச்சது. அவங்க வரமாட்டாங்க. இருந்தாலும் வெச்சிருக்கணும்."

"வரமாட்டாங்கன்னு எப்படித் தெரியும்?"

"பத்து தடவை வரல. இது பதினோராவது. பேரு கூடத் தெரியாது. உறுப்பினர் எண் நாலாயிரத்து நூத்திப் பதினேழு."

குடையை மடித்துக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. அக்காவின் எண்.

வரியெல்லாம் சேர்த்த கடைசி விலை தெரிய வேண்டுமானால், அந்தத் தளத்தில் 'அறையைப் பிடித்து வை' என்ற பொத்தானை அழுத்த வேண்டும். காசு கட்டாவிட்டால் ஒரு நாளில் தானாகக் கலைந்துவிடும் என்று போட்டிருந்தது. அவள் அழுத்தினாள். விலையைக் குறித்துக்கொண்டாள். திரையோடு முடிந்தது என்று நினைத்தாள். எதுவும் கலையவே இல்லை போலிருக்கிறது. திரைக்கு அந்தப் பக்கம் ஒரு சாவியும் ஒரு மனிதனும் காத்திருப்பார்கள் என்று...

வாயை மூடிக்கொண்டு திரும்பிப் போயிருக்கலாம். அவளால் முடியவில்லை.

"அது நான்தான். எண் எங்க அக்காவோடது. என்னையும் சேரச் சொல்றா, அதான் சோதிச்சுப் பாத்தேன்."

அவன் திரும்பி அந்தச் சாவியைப் பார்த்தான்.

"முதலாளிகிட்ட எவ்வளவு திட்டு வாங்கியிருப்பேன் தெரியுமா?" என்றான். குரலில் கோபத்தைத் தேடினாள். கிடைக்கவில்லை. "ஆனா... அந்தக் குறிப்பெல்லாம் எதுக்கு எழுதினீங்க?"

"குறிப்புக் கட்டத்தைக் காலியா விட்டா அது நகராது. மனசுல வந்ததை எழுதினேன்."

"தண்ணி தெரியிற ஜன்னல் வேணும். ஜன்னல் பக்கம் இழுத்துப் போட ஒரு நாற்காலி. மஞ்சள் வெளிச்சம் போதும், வெள்ளை வேண்டாம். அறையில கடிகாரம் கூடாது..." ஒப்பித்தான். எழுதியவளே மறந்துவிட்ட வரிகள், ஒன்று விடாமல்.

அவன் சாவியோடு அவளை மாடிக்குக் கூட்டிப்போனான். அங்கே சுத்தம் செய்கிற அம்மாள்தான் அதை வாங்கி அறையைத் திறந்துகாட்டினாள். "ஓ, அந்த மகராசி நீதானா? உன்னால நான் பதினோரு தடவை விரிப்பு மாத்தியிருக்கேன். இவன் ஏணி வெச்சு ஏறிக் கடிகாரத்தைக் கழட்டுறான். என்னடா, யாரு வர்றாங்கன்னு கேட்டா பதிலே வராது."

"அம்மா, போதும்" என்றான் அவன். காதுகள் சிவந்திருந்தன.

ஜன்னலுக்கு வெளியே ஏரி மழையில் புள்ளி புள்ளியாகப் பூத்துக்கொண்டிருந்தது. நாற்காலி, அவள் எப்படி நினைத்தாளோ அப்படியே... யாரோ தன் கனவுக்குள் போய் விளக்கேற்றி வைத்துவிட்டு வந்ததுபோல் இருந்தது அவளுக்கு.

"ஒப்பிடணும்னீங்களே, பாருங்க" என்று கதவின் உட்புறம் ஒட்டியிருந்த விலை அட்டையைக் காட்டினான். "பாதி விலைன்னா எதுல பாதி? இதுல. இந்த விலையை யாரும் கொடுத்து நான் பாத்ததில்ல. நீங்க நேர்ல வந்து கேட்டா நான் சொல்ற விலையும் உங்க உறுப்பினர் விலையும் ஒண்ணுதான்."

"அது எப்படி?"

இப்படி யாராவது கேட்க வேண்டும் என்று வருடக்கணக்கில் காத்திருந்தவன்போல் அவன் முகம் மலர்ந்தது. "இன்னிக்கு விக்காத சட்டையை நாளைக்கு விக்கலாம். இன்னிய அறையை நாளைக்கு விக்க முடியாது, விடிஞ்சா போச்சு. அதனால மிஞ்சுறதை மொத்தமா வாங்குறவங்ககிட்ட குறைச்சுத் தள்ளிடுவோம். அவங்க அதையே நூறு கடைக்குக் கொடுப்பாங்க. நூறுல ஒண்ணு இந்தத் தளம். மத்த கடையில உள்ளே நுழையக் காசு கேக்கமாட்டாங்க. அவ்வளவுதான் வித்தியாசம்."

அவளுக்குப் புரிந்தது. அளக்கும் குழாயே தப்பென்றால் அளவு எப்படிச் சரியாக இருக்கும்?

"அந்தத் திட்டத்துல சேந்தவங்க இங்க நிறைய வருவாங்களா?"

"ரெண்டு வருஷமா இந்த மேசையில இருக்கேன். அறை பிடிச்ச ஒரே ஆள் நீங்கதான். நீங்களும் வரல."

போனில் கேட்ட ஏழு ஓட்டல்களும் அந்தத் திட்டத்தின் பெயரையே கேள்விப்பட்டதில்லை என்றிருந்தன. அக்காவுக்கு முன்னாலேயே நாலாயிரம் பேர்... பயணம் போன ஒருவரைக்கூடக் காணோம். ஒருவர் இன்னொருவரைச் சேர்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

"ஏமாந்தவங்க அடுத்த ஆளைப் பிடிச்சுத்தான் ஆகணும்" என்றான் அவன் தன்னையறியாமல். "உங்க அக்காவும் அதத்தானே பண்றாங்க?"

அவள் கண்களில் ஏரி காணாமல் போனது. "எங்க அக்காவைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?"

"நான் தப்பா..."

அவள் படியிறங்கிவிட்டாள்.

மறுநாள் காலை அக்கா மேசையில் வரைபடத்தை விரித்து வைத்திருந்தாள். மேலே அவள் கட்டம். கீழே இரண்டு காலிக் கட்டங்களில் ஒன்றில் தங்கையின் பெயர், பென்சிலால்.

"அக்கா... நான் சேரல."

சோதித்ததை எல்லாம் சொன்னாள். அக்கா முகம் அவள் பயந்தபடியேதான் ஆனது.

"யாரோ ஓட்டல்காரன் சொன்னா வேதவாக்கு. உன்னை வளத்தவ சொன்னா சந்தேகம். கிளம்புடி. என் மூஞ்சியப் பாத்து அவன் சொல்லட்டும்."

அக்காவின் வேகத்துக்கு அவளால் ஈடுகொடுக்க முடியவில்லை. மேசைமுன் போய் அக்கா நின்ற நிற்பைப் பார்த்ததும் அவன் எழுந்துவிட்டான்.

"என் தங்கச்சிகிட்ட என்னை ஏமாத்துக்காரின்னு சொன்னது நீங்கதானா?"

"அப்படிச் சொல்லலங்க. ஆனா சொன்ன விதம் தப்பு." ஒரு கணம் தயங்கினான். "நானும் இதே மாதிரி ஒண்ணுல இருந்தேன். நாலு நண்பர்களைச் சேத்தேன். இப்ப நாலு பேரும் என்னைப் பாத்தா தெருவுக்கு அந்தப் பக்கம் போயிடுறாங்க. சேர்றதுக்கு முன்னால நான் யார்கிட்டயும் கேக்கல. இவங்க கேட்டாங்க... அதான்."

அக்கா மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"எதிர்வீட்டுக்காரியையும் சேரச் சொன்னேன்" என்றாள் யாரிடமோ சொல்வதுபோல. "இப்பல்லாம் என்னைப் பாத்தா கதவைச் சாத்துறா. ஏதோ வேலையா இருக்காபோலன்னு நினைச்சுக்கிட்டேன்." தங்கையின் கையைப் பிடித்தாள். "நல்லவேளை, உன்னைச் சேக்கல. நீயும் சாத்தியிருப்ப."

"நானாக்கா? நீ தட்டவே வேண்டாம், திறந்தேதான் இருக்கும்."

"போடி. லேப்பை விட்டுடாத." மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்தாள். இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "இங்க ஏரி இருக்காமே. நான் போய்ப் பாக்கறேன். நிதானமா வர்றேன்."

மேசைக்கு இந்தப் பக்கம் அவள். அந்தப் பக்கம் அவன்.

"வரமாட்டாங்கன்னு தெரிஞ்சும் ஏன் ஒவ்வொரு தடவையும்...?"

"முதல் ரெண்டு தடவை வேலைன்னு செஞ்சேன். கடிகாரத்தைக் கழட்டின அன்னிக்கு, இத எழுதினவங்க பக்கத்துல உக்காந்து அந்தத் தண்ணியைப் பாக்கணும்னு தோணிச்சு. அப்புறம் வேலையா செய்யல." மேசையின் ஓரத்தை விரலால் தேய்த்தான். "உங்களைப் பத்தி என்னென்னவோ நினைச்சு வெச்சிருந்தேன். நேத்து வந்தப்ப எதுவும் ஒத்துப்போகல."

"ஏமாந்துட்டீங்களா?"

"நினைப்புல இருந்தவங்க கோபப்படவே மாட்டாங்க. நேத்து ஒருத்தங்க அக்காவுக்காகக் கோபப்பட்டுப் படியிறங்கிப் போனாங்களே... அவங்களைத்தான் எனக்குப் பிடிச்சிருக்கு."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். சொல்லாமல் போய்விடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. பிறகு நிமிர்ந்து அவனை நேராகப் பார்த்தாள்.

"எனக்கும்தான்" என்றாள். "நேத்து பஸ்ல ஏறினதுமே தெரிஞ்சுபோச்சு. அதனாலதான் வீடு போய்ச் சேர்ற வரைக்கும் கோபமே அடங்கல."