நான்தான் அனுப்பினேன்

அன்று காலையும் மகள் தனக்கு மட்டும் டீ போட்டுக்கொண்டாள். குடித்து முடித்ததும் அந்த ஒரு டம்ளரை மட்டும் கழுவிக் கவிழ்த்துவிட்டு, அடுப்பருகே நின்ற அம்மாவை ஏதோ ஒரு தூணைச் சுற்றிக்கொண்டு போவது போலச் சுற்றிக்கொண்டு போனாள்.

"நேத்தும் சரியா சாப்பிடலையே கண்ணு... ரெண்டு வாய் சாப்பிட்டுட்டுப் போயேன்..."

"எனக்கு யாரும் எதுவும் செய்ய வேணாம். செஞ்ச வரைக்கும் போதும்!"

அறைக் கதவு சாத்திக்கொண்டது. கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த நாத்தனார் நிமிராமலே சொன்னாள்.

"பெத்த பொண்ணு தலையில மண்ணை அள்ளிப் போட்டுட்டு, இப்ப தட்டை நீட்டினா ஆச்சா? வாங்கித் தின்னுடுவாளா அவ?"

அம்மா அடுப்பைத் தணித்தாள். ஒன்பது நாளாக இந்தப் பேச்சுக்கெல்லாம் அவள் பதில் சொல்வதில்லை.

ஒன்பது நாளைக்கு முன்னால்தான் அந்த மின்னஞ்சல் வந்தது. கால்நடை மருத்துவக் கல்லூரியில் மகளுக்கு இடம் கிடைத்திருந்தது. நொண்டி நாய், சிறகொடிந்த காக்கை என்று எதையாவது தூக்கிக்கொண்டு வந்தே வளர்ந்தவள். இந்த ஒரு படிப்பைத் தவிர வேறெதையும் அவள் கேட்டதில்லை. ஆனால் அன்று வந்த கடிதத்தில் இருந்தது ஒரே வரிதான். 'தாங்கள் இடம் வேண்டாம் என்று எழுதியதை ஏற்று, தங்கள் விலகலைப் பதிவு செய்துள்ளோம்.'

மகள் எழுதவில்லை. அவளுடைய முகவரியிலிருந்தே யாரோ எழுதி அனுப்பிவிட்டு, அனுப்பிய தடயத்தையும் அழித்திருந்தார்கள். மின்னஞ்சலின் கடவுச்சொல் தெரிந்தவள் வீட்டில் இன்னொருத்திதான். 'கல்லூரியிலிருந்து ஏதாவது வந்தா பார்த்துச் சொல்லும்மா' என்று மகளே உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்திருந்தாள். போதாததற்கு, இடம் கிடைத்த அன்று எல்லோர் முன்னாலும், 'அவ்வளவு தூரமாடி...' என்று அழுததும் அந்த அம்மாதான்.

வேறு சாட்சி எதற்கு?

உண்மை அம்மாவுக்கு அன்று மாலையே தெரிந்துவிட்டது. கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது கணவர் பின்னால் வந்து நின்றார். லிஃப்ட் பழுது பார்க்கிறவர். பத்து மாடி உயரத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற மனிதர், அன்று துணிக்கொடியைப் பிடித்துக்கொண்டு நடுங்கினார்.

"நான்தான்... மேஜை டிராயர்ல அவ பாஸ்வேர்டு எழுதி வச்சிருந்த சீட்டைப் பார்த்தேன். ஏதோ ஒரு வேகத்துல அனுப்பிட்டேன். அவகிட்ட சொல்லிடாத! என்னைப் பார்க்குற பார்வையே மாறிடும் அவளுக்கு..."

அவள் ஈரச் சட்டையை உதறிக் கொடியில் போட்டாள். அந்த மௌனத்தையே அவர் சத்தியமாக எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அப்பா என்றால் மகளுக்கு உயிர். வேலை முடிந்து அவர் வந்ததும் இரண்டு பேரும் வாசற்படியில் உட்கார்ந்து பேசுவார்கள், சிரிப்பார்கள். பதினைந்து வருஷமாக அவள் அந்தச் சிரிப்பை அடுக்களையில் இருந்தே கேட்டிருக்கிறாள். அதை உடைக்க அவளுக்கு மனம் வரவில்லை. தன்மேல் வரும் கோபமென்றால் தாங்கிக்கொள்ளலாம். தாங்கித்தான் பழக்கமாயிற்றே!

ஆனால் இடம் போய்விடக் கூடாதே... கல்லூரிக்கு மகள் ஒரு தடவை போன் செய்திருந்தாள். 'யார் அனுப்பினாங்க, ஏன் அனுப்பினாங்கன்னு எழுத்துல குடுங்க, பரிசீலிக்கிறோம்' என்றார்களாம்.

"எழுதிக் குடுக்கலாமேடி?" என்று கேட்டாள் நாத்தனார்.

"என்னன்னு எழுத அத்தை? எங்க அம்மாவே எனக்குத் தெரியாம திருட்டுத்தனமா அனுப்பிட்டாங்கன்னா? அந்த அசிங்கம் வேற வேணுமா? அவங்களை ஊர் பேச வச்சுத்தான் நான் படிக்கணும்னா, எனக்கு அந்தப் படிப்பே வேணாம்!"

அடுக்களையில் அது அம்மாவின் காதில் விழுந்தது. இவ்வளவு கோபத்திலும் தன்னைக் காட்டிக் கொடுக்காத பெண்... முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். அப்புறம் முகத்தைக் கழுவிக்கொண்டு, கல்லூரிக்கு ஒரு கடிதம் எழுதி, பிள்ளையின் விண்ணப்ப நகலோடு மடித்துப் பையில் வைத்து, தெருக்கோடி ஜெராக்ஸ் கடைக்குப் போனாள்.

கடையை நடத்துகிற பெண்ணுக்கு முப்பது வயதிருக்கும். அம்மா நீட்டிய நான்கு பக்கக் கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அக்கா, படிச்சா எனக்கே அழுகை வருது. ஆனா இதை அனுப்ப முடியாது."

"ஏம்மா?"

"மூணு வயசுல அவளுக்கு வந்த காய்ச்சல்ல இருந்து ஆரம்பிச்சிருக்கீங்க! அங்க உட்கார்ந்திருக்கிறவங்க ஒரு நாளைக்கு முந்நூறு கடிதம் பார்ப்பாங்க. விண்ணப்ப எண், என்ன நடந்துச்சு, என்ன கேக்குறீங்க... இவ்வளவுதான் இருக்கணும். நீங்க துணி தைக்கிறவங்கதானே? உங்களுக்கு வெட்டத் தெரியாதா?"

வெட்டினார்கள். காய்ச்சல் போயிற்று. 'கருணையுள்ளம் கொண்ட ஐயா அவர்களே' போயிற்று. 'நடந்ததை எல்லாம் மன்னித்து' என்பதும் போயிற்று. நான்கு பக்கத்தில் தேறியது ஐந்தாறு வரிகள். அவளுடைய வாழ்க்கையில் அலுவலகத்துக்குத் தேவைப்பட்டது அவ்வளவுதான் போலிருக்கிறது.

"இதுதான்க்கா முக்கியம். 'யாரோ அனுப்பிட்டாங்க'ன்னு எழுதினா விசாரணை அது இதுன்னு இழுக்கும். யார் அனுப்பினாங்கன்னு போட?"

கடைக்கு வெளியே யாரோ வண்டியை உதைத்துக்கொண்டிருந்தார்கள். அது கிளம்புகிறவரை அவள் காத்திருந்தாள்.

"நான்னு போடும்மா."

"நீங்களாக்கா? இந்த நாலு பக்கத்தை எழுதின நீங்களா?"

"போடும்மா..."

திரையில் எழுத்துகள் வரிசையாக வந்து நின்றன.

'பொருள்: விண்ணப்ப எண் 4172 – விலகலை ரத்து செய்ய வேண்டுதல்.

மதிப்பிற்குரிய சேர்க்கை அலுவலர் அவர்களுக்கு, வணக்கம். மேற்கண்ட எண்ணில் என் மகளுக்கு ஒதுக்கப்பட்ட இடம் வேண்டாம் என்று தங்களுக்கு வந்த கடிதம் அவள் எழுதியதல்ல. அவளுக்குத் தெரியாமல், அவளுடைய தாயாகிய நான்தான் அனுப்பினேன். தவறு முழுவதும் என்னுடையது. இடம் இன்னும் நிரப்பப்படவில்லை எனில், அதை அவளுக்கே வழங்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.'

"பதில் உங்க கடிதத்தோட உங்க பொண்ணு முகவரிக்குத்தான் போகும்க்கா. விண்ணப்பதாரர் அவங்கதானே?"

"போகட்டும். அவளுக்குப் புதுசா என்ன இருக்கு அதுல?"

வீட்டுக்குத் திரும்பி நடக்கும்போது, இந்த ஊரில் தன்னைப் பற்றி உண்மை தெரிந்தவர் ஒருவர்தான், அவரும் வாய் திறக்க மாட்டார் என்று நினைத்துக்கொண்டாள். தெரு நீளமாகத் தெரிந்தது.

நான்காம் நாள் காலை பதில் வந்தது. மகள் கூடத்திலேயே கத்தினாள்.

"இடம் இருக்காம்! திங்கட்கிழமை நேர்ல வரச் சொல்லியிருக்காங்க!"

நாத்தனார் ஓடி வந்தாள். கண் ஆபரேஷன் ஆகிக் கறுப்புக் கண்ணாடியோடு சாய்வு நாற்காலியில் இருந்த மாமனார் நிமிர்ந்து உட்கார்ந்தார். வேலைக்குக் கிளம்பிய கணவர் செருப்பில் பாதி நுழைத்த காலோடு நின்றார்.

மகள் திரையை இறக்கி இறக்கிப் படித்தாள். அவள் குரல் மாறியது.

"அம்மா எழுதியிருக்காங்க... 'தாயாகிய நான்தான் அனுப்பினேன்'..."

"பார்த்தியா! நான் சொன்னேன்ல?" என்றாள் நாத்தனார். "தானே ஒத்துக்கிட்டா!"

"இரு அத்தை. கீழே அந்தப் பழைய கடிதத்தையும் வச்சிருக்காங்க. ஆறாம் தேதி, காலை பதினொன்னு நாற்பது..."

"ஆறாம் தேதியா?" என்றார் மாமனார். "ஏம்மா, அன்னைக்குத்தானே எனக்குக் கண்ணுல கத்தி வச்சாங்க?"

"மாமா, நீங்க சும்மா இருங்க..." என்று அம்மா பதறினாள்.

"நான் ஏன் சும்மா இருக்கணும்? காலையில ஏழு மணிக்கு ஆஸ்பத்திரிக்குப் போனவங்க, பொழுது சாயத்தானே வந்தோம்! போனைக்கூட வாசல்லயே வாங்கி வச்சுக்கிட்டாங்க. என்னைக் கண்ணைக் கட்டி உட்கார வச்சிருந்தாங்க. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை 'இருக்கியாம்மா'ன்னு கேப்பேன். 'இருக்கேன் மாமா'ன்னு கையை அழுத்துவா. இவ எங்கிருந்து கடிதம் அனுப்பினா?"

மகள் ஒவ்வொருவராக நினைத்துப் பார்ப்பது முகத்திலேயே தெரிந்தது. அவள் அன்று தோழி வீட்டில் இருந்தாள். அத்தை கடைத்தெருவுக்குப் போயிருந்தாள். முதுகு வலி என்று விடுப்பு எடுத்துக்கொண்டு வீட்டில் இருந்தவர்...

"அப்பா?"

அவர் செருப்பைக் கழற்றினார். வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"நான்தான் அனுப்பினேன்மா... நீ போயிட்டா இந்த வீட்ல நான் யார்கிட்ட பேசுவேன்? எனக்கு வேற யார் இருக்கா?"

மகள் அழுதது அப்பாவின் துரோகத்துக்காக. அம்மாவின் கண்ணில் நீர் வந்தது வேறொன்றுக்காக. வேற யார் இருக்கா... மூன்றடி தூரத்தில் அவள் நின்றுகொண்டிருந்தாள். ஒன்பது நாளும், நான்கு நாளும், அதற்கு முன்னால் பதினைந்து வருஷமும் நின்றுகொண்டிருந்தாள்.

"அம்மா!" மகள் ஓடி வந்து கட்டிக்கொண்டாள். "உன்னைப் பார்க்காம, பேசாம... எத்தனை நாள்மா! ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? ஏம்மா சொல்லல?"

"சொன்னா அப்பாவை வெறுத்திருப்படி... என்னை வெறுத்தா மட்டும் உனக்கு ஒரு அம்மா இல்லாமப் போயிடுவாளா?"

நாத்தனார் மடித்த துணியையே மறுபடி பிரித்து மடித்தாள். "நான் வேற வாய்க்கு வந்ததெல்லாம் பேசிட்டேனே..." என்று முணுமுணுத்தாள்.

திங்கட்கிழமை தாயும் மகளும் மட்டும் போனார்கள். சேர்க்கை அலுவலகத்தில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்த அம்மையார் கோப்பைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"உங்க கணவர் கடிதமும் வந்திருக்கு. தெரியுமா?"

தெரியாது. அந்த அம்மையார் தாளை அவள் பக்கம் திருப்பி வைத்தார். மூன்றே வரிகள், இரண்டு எழுத்துப் பிழைகள்.

'இடம் வேண்டாம் என்று அனுப்பியது அவள் தந்தையாகிய நான். என் மனைவி என்னைக் காப்பாற்றப் பொய் சொன்னாள். தங்கள் கோப்பில் அவள்மேல் உள்ள குற்றத்தை நீக்கிவிடவும்.'

"நீக்கிட்டோம்" என்றார் அம்மையார். "உங்க கடிதத்துமேல குறிப்பு எழுதியாச்சு. இந்தாங்க, தாய் கையெழுத்து இங்க."

அவள் போட்ட கையெழுத்து கோணலாகப் போயிற்று. மகள் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

அன்றே விடுதியிலும் இடம் கொடுத்தார்கள். விடுதி வாசலில் மகள் அம்மாவை விடவே இல்லை. இழந்த நாட்களை எல்லாம் அந்த ஐந்து நிமிடத்தில் பிடித்துவிடுகிறவள் போல இறுக்கிக்கொண்டு நின்றாள். "அப்பாகிட்ட நான் பேசுறேன்மா. இப்ப இல்ல... ஆனா பேசுறேன்" என்றாள்.

"பேசு. அவருக்குப் பேச ஆள் வேணும்."

ஊர் திரும்பும் பேருந்தில் அவளுக்கு ஜன்னலோர இடம் கிடைத்தது. பக்கத்து இருக்கை காலியாகவே வந்தது. வெயிலில் ஊர் பேர் தெரியாத வீடுகள் பின்னால் போய்க்கொண்டிருந்தன. பாதி வழியில் கைப்பேசி அடித்தது. கணவர். வேலை நேரத்தில் அவர் அவளைக் கூப்பிட்டதே கிடையாது. சிறிது நேரம் அடிக்கவிட்டாள். பிறகு எடுத்துக் காதில் வைத்தாள்.

"ஏறிட்டியா?"

"ஏறிட்டேன்."

அப்புறம் அவருக்குச் சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. அந்தப் பக்கம் ஏதோ இயந்திரத்தின் ஓசை. துண்டித்துவிடுவார் என்று எதிர்பார்த்தாள். துண்டிக்கவில்லை. மூச்சு மட்டும் கேட்டது.

"சொல்லுங்க," என்றாள் அவள், முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு. "கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."