ஈசானிய மூலைத் தூண்

கிரகப்பிரவேசத்தன்று பூஜை அறைத் தூணில் கட்டிய மஞ்சள் கயிறு ஒரு நாள் காலையில் தரையில் கிடந்தது.

அறுந்து விழவில்லை. முடிச்சு போட்டது போட்டபடி இருந்தது. தூண்தான் மெலிந்துபோய்க் கயிற்றை நழுவ விட்டிருந்தது.

சங்கரவடிவு அதைக் கையில் எடுத்துப் பார்த்தாள். போன ஆவணியில் இந்தத் தூணைக் கட்டிப் பிடித்தால் விரல் நுனிகள் ஒன்றையொன்று தொடாது. இப்போது அவள் மகள் யாழினியின் இடுப்பளவுகூடத் தேறாது. பன்னிரண்டு மாடிக் கட்டிடத்தின் மூலைத் தூண்! அகத்திக் குச்சி மாதிரி நிற்கிறது.

ஊர்கல் கட்டிடங்கள் இப்படித்தான். மணல் பருமனில் இருக்கும் ஒவ்வொரு ஊர்கல்லும் ஓயாமல் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கும்: என்மேல் பாரம் இருக்கிறதா? இருந்தால் அங்கேயே கெட்டிப்படும். இல்லையென்றால், பாரம் இருக்கும் இடம் தேடி எறும்பு மாதிரி ஊர்ந்து போகும். எங்கே எவ்வளவு கனம் என்று சுவருக்குள் ஓடும் பாரநரம்புகள் சொல்லும். அடித்தளத்தில் இருக்கும் எடைமூளை அதைக் கேட்டு, கல்லை அங்கிருந்து இங்கே மேய்க்கும். யாருக்கும் வேண்டாத கல் குழாய் வழியாகக் கீழே வடிந்துவிடும். மாதக் கடைசியில் கம்பெனி லாரி வந்து அள்ளிக்கொண்டு போய் அடுத்த கட்டிடத்துக்கு ஊற்றும். அதனால்தான் வீடு பாதி விலை. 'சும்மா நிற்கும் கல் சுமை!' என்று சீர்வடிவம் நிறுவனத்தின் விளம்பரம் நெல்லை முழுக்கச் சிரித்தது.

அழகுக்கு ஒரு குறையும் இல்லை. சதுரமான பெட்டியாகப் பிறந்த கட்டிடம் ஒரு வருஷத்துக்குள் உடம்பைத் திருத்திக்கொண்டது. பாரம் இறங்கும் வழியிலெல்லாம் வளைவுகள் முளைத்தன. கூரையில் விலா எலும்புகள் ஓடின. தென்மேற்கு மூலையில் கோயில் யானையின் கால்போல் ஒரு தூண் திரண்டு நின்றது. வெளியூர்க்காரர்கள் வந்து படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

ஆனால் ஏன் தென்மேற்கு? அதை எடைமூளை கேட்கவில்லை. கேட்டிருந்தால் பன்னிரண்டு மாடியும் ஒரே குரலில் பதில் சொல்லியிருக்கும். கன்னி மூலை கனக்க வேண்டும், ஈசானிய மூலை காலியாக இருக்க வேண்டும்! பீரோ, அரிசி மூட்டை, இரும்புக் கட்டில் எல்லாம் தென்மேற்கில். வடகிழக்கில் சாமி படமும் ஒரு குத்துவிளக்கும். இத்தனை வீடும் ஒரே பக்கமாகக் கனத்தால் கல் என்ன செய்யும்? கனத்தின் பின்னாலேயே போய்விட்டது.

வடிவு பாலங்களுக்குக் கணக்குப் போடுகிறவள். மெலிந்த தூணைக்கூட அவள் மன்னித்துவிடுவாள். தினசரிக்கு அது போதும். அவளைக் கணக்கு நோட்டை எடுக்க வைத்தது, அந்தத் தூணை ஒட்டிய பால்கனிக் கைப்பிடியில் யாழினி சாக்பீஸால் எழுதி வைத்திருந்த இரண்டு வார்த்தை: 'என் இடம்'.

ஆனித் தேர் அடுத்த வாரம். கீழரத வீதியும் வடக்குரத வீதியும் சேரும் முக்கில், வடகிழக்கு மூலைக்கு நேர் கீழேதான் தேர் திரும்பும். வடம் பிடிப்பவர்கள் மூச்சு வாங்க, தடி போட்டு நெம்பி, முக்கால் மணி நேரமாவது அங்கே நிற்கும். பன்னிரண்டு மாடியிலும் அத்தனை வீட்டு ஜனமும், வந்த விருந்தாளியும், அந்த ஒரே மூலையில் நெருக்கியடித்து நிற்பார்கள். கட்டிடம் போன ஆவணியில் பிறந்தது. அது இன்னும் ஒரு தேர்கூடப் பார்த்ததில்லை.

அவள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். எப்படிப் போட்டாலும் தூண் நிற்கவில்லை.

கம்பெனியைக் கூப்பிட்டாள். "உங்கள் மனவருத்தம் பதிவு செய்யப்பட்டது. சராசரி எடைக்கு மேல் கால் பங்கு தாங்கும் வகையில் உங்கள் இல்லம் நலமாக உள்ளது" என்றது ஒரு தேன் குரல்.

"சராசரியை விடும்மா. தேரன்னிக்கு?"

"ஒரு நாள் எடை, சராசரியில் சேராது. நன்றி."

லைன் செத்துப் போனது. ஒன்பது முறை கூப்பிட்டாள். ஒன்பது முறையும் நன்றி.

சாயங்காலம் மொட்டைமாடியில் குடியிருப்போர் சங்கம் கூடியது. தலைவர் பிச்சையா அண்ணாச்சி டவுனில் பாத்திரக் கடை வைத்திருப்பவர். பெருத்த சரீரம், அதைவிடப் பெருத்த குரல்.

"அண்ணாச்சி, தேர் முடியுத வரைக்கும் எல்லாரும் பீரோவை ஈசானிய மூலைக்கு நகத்துங்க. கனத்தைப் பார்த்தாதான் கல்லு திரும்பி வரும்" என்றாள் வடிவு.

கூட்டம் காதைப் பொத்திக்கொள்ளாத குறை.

"எம்மா வடிவு, ஈசானியத்துல பீரோவா? குடும்பம் விளங்குமா?" என்றார் அண்ணாச்சி.

"அப்ப தேரன்னிக்கு யாரும் பால்கனிக்குப் போகாதிய."

"நல்லாருக்கே நியாயம்! தேர் பாக்கத்தானே இந்த முக்குல வீடு வாங்கினோம்? எங்க சம்பந்தி வீட்ல இருந்தே ஒரு வேன் ஆளு வாராவ. அவுகளைக் கூட்டிட்டுப் போயி கக்கூஸ் ஜன்னல் வழியா தேர் காட்டச் சொல்லுதியா?"

சிரிப்பு. பதினோராம் மாடி செல்லத்தாய் அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

வடிவுக்குச் சுள்ளென்று ஏறியது. கணக்கைச் சொல்லிப் பயனில்லை. மடியில் முடிந்து வைத்திருந்த மஞ்சள் கயிற்றை எடுத்து அண்ணாச்சி முன்னால் போட்டாள்.

"தூண்ல கட்டினது. அதுவா கீழ வந்துட்டு. சிரிக்கிறதுக்கு முன்னாடி எல்லாரும் அவங்கவங்க வீட்டுல போய்ப் பாத்துட்டு வாங்க."

போனார்கள். திரும்பி வந்தபோது ஒருவர் முகத்திலும் சிரிப்பில்லை. ஒவ்வொரு கையிலும் ஒரு கயிறு. சிலது மாவிலைக் காம்போடு, சிலது குங்குமக் கறையோடு. எல்லாம் முடிச்சு அவிழாத கயிறுகள். அண்ணாச்சியின் குரல் முதல் முறையாகத் தணிந்து வந்தது.

"எங்க வீட்டுலயும் விழுந்து கிடக்கு. அந்தப் பக்கம் கன்னி மூலைத் தூணு பெருத்துப் பெருத்து பீரோ கதவே தொறக்க மாட்டேங்கு. செல்வம் சேருதுன்னு நானும் பூரிச்சுப் போயி கிடந்தேன்." மூச்சை இழுத்தார். பழைய குரல் திரும்பியது. "நம்ம கல்லை லாரி லாரியா அள்ளிட்டுப் போயிருக்கானுவ! வண்டியைக் கூப்பிடுங்கலே!"

மறுநாள் காலை, வண்ணார்பேட்டையில் சீர்வடிவம் மண்டல அலுவலகத்தின் முன் இரண்டு வேன் நிறைய ஆட்கள் இறங்கினார்கள்.

அந்த அலுவலகம் தென்மாவட்டங்களின் முதல் ஊர்கல் கட்டிடம். விற்பனைக் கூடத்தின் தூண்கள் ஆலமரம்போல் விழுது விட்டிருந்தன. அங்கேதானே தினமும் கூட்டம்! வரவேற்பில் இருந்த பெண் ஐம்பது பேரையும் பார்த்து வெலவெலத்து, இரண்டாம் மாடிக்குக் கை காட்டினாள். 'குறைதீர் கூடம்' என்று பித்தளைப் பலகை. பளபளவென்று, விரல் ரேகை ஒன்றுகூடப் படாத கதவு. அதைத் தள்ளித் திறந்தார்கள்.

மண்டல மேலாளர் திலீபன் பக்கவாட்டுக் கதவு வழியாக உள்ளே நுழைந்து, கூடத்தின் நடுவில் நின்று கைகூப்பினார். கஞ்சி போட்ட சட்டை, ஒட்டவைத்த புன்னகை.

"வாங்க, வாங்க. ஏன் வாசல்லயே நிக்கிறீங்க? எல்லாரும் உள்ள வந்து உக்காருங்க. பேசித் தீக்க முடியாததுன்னு ஒண்ணும் இல்ல."

பிச்சையா அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு காலைத் தூக்கினார். அந்தக் கால் தரையில் படுவதற்குள் வடிவு அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"ஏத்தா, சட்டையை விடு!"

"அண்ணாச்சி, தரையைப் பாருங்க."

எல்லாரும் பார்த்தார்கள். தரையில் ஒரு நிழல் நகர்ந்துகொண்டிருந்தது. கூடத்தில் திலீபனைத் தவிர யாரும் இல்லை. அது கீழே முதல் மாடியில் நடந்துபோன ஆளின் நிழல். தரை வழியாகத் தெரிந்தது, அப்பளத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்த மாதிரி!

"சார், இந்த ரூமுக்குள்ள கடைசியா எப்ப ஆள் வந்தாங்க?" என்று கேட்டாள் வடிவு.

"அது... பொதுவா எல்லாம் போன்லயே..."

"போன்லயே கட் பண்ணிருவிய. புகாருன்னு ஒருத்தரும் இங்க காலை வச்சதில்ல. அப்ப இங்க தரை எதுக்குன்னு உங்க மூளை கல்லை எல்லாம் உருவிட்டு. அசையாதீங்க!"

திலீபன் அசைந்தார். புளியம்பழ ஓடு நொறுங்குவதுபோல் ஒரு சத்தம். கூரையிலிருந்து தேன் குரல் வந்தது: "இத்தளத்தின் சராசரி எடை பூஜ்யம். உங்கள் இல்லம் நலமாக உள்ளது."

மேலாளரின் புன்னகை கழன்று விழுந்தது. "மேடம்..." என்றார், தண்ணீரில் நிற்பவர்போல இரண்டு கையையும் விரித்துக்கொண்டு. "மேடம், ப்ளீஸ்."

விட்டுவிடலாம் என்று ஒரு கணம் அவளுக்குத் தோன்றியது நிஜம். ஒன்பது நன்றிகள் காதில் கேட்டன. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"குனிஞ்சு படுங்க. கனத்தைப் பரப்புங்க. தரையில வாழையிலை நரம்பு மாதிரி வரி ஓடுது, தெரியுதா? கல்லு மிச்சம் இருக்கிறது அதுல மட்டும்தான். பக்கத்து நரம்பைப் பிடிச்சு நடு நரம்புக்கு வாங்க. நடு நரம்பு வாசல் தூண்ல வந்து சேரும். நரம்பை விட்டு முழங்காலை வைக்காதீங்க."

கஞ்சி போட்ட சட்டை தரையைத் துடைத்துக்கொண்டு ஊர்ந்தது. பின்னால் ஒரு துண்டு பெயர்ந்து கீழே போய்ச் சிதறியது. யாரோ அலறினார்கள். வாசல் எட்டியதும் அண்ணாச்சி கையை நீட்டி, பாத்திர மூட்டையைத் தூக்குவதுபோல் அவரைத் தூக்கி நிறுத்தினார்.

திலீபன் முழங்காலைத் தட்டிக்கொண்டார். தொண்டையைக் கனைத்தார். "ரொம்ப நன்றி மேடம். உங்க கோரிக்கையை மேலிடத்துக்கு அனுப்பறேன். ஆனா ஒரு நாள் எடைக்காகத் தூணைத் தடிப்பாக்கறது கம்பெனி விதியில..."

"இப்ப என்ன சொன்னீரு?" அண்ணாச்சியின் குரலில் கண்ணாடிகள் அதிர்ந்தன. "செத்துப் பொழச்சு வந்து நிக்கீரு, வேர்வைகூடக் காயலை. விதியாம்லா விதி! வெக்கமா இல்ல?"

வடிவு கையை உயர்த்தி அவரை நிறுத்தினாள். கோபம் அடங்கவில்லை. ஆனால் வார்த்தை ஒவ்வொன்றும் சுத்தமாக விழுந்தது.

"தினமும் வர்ற கனத்துக்குத் தூண் வேணும்னா, வெறும் மூங்கில் போதும் சார். என்னிக்கோ ஒரு நாள் வரப்போற கூட்டத்துக்காகச் சும்மா நிக்குது பாருங்க, அதுக்குப் பேர்தான் தூண். அந்தக் கல்லைத்தான் மிச்சம்னு அள்ளிட்டுப் போனீங்க. சரி, விதிப்படியே போகலாம். எங்க கட்டிடம் நலமா இருக்குன்னு உங்க கம்பெனி சொல்லுது. தேரன்னிக்கு நீங்க குடும்பத்தோட வாங்க. ஒன்பதாம் மாடி, ஈசானிய மூலை. என் மக பக்கத்துல உங்களுக்கு இடம் போடறேன். வாறேன்னு இத்தனை பேர் முன்னால சொல்லுங்க, நாங்க கிளம்பறோம்."

திலீபன் பின்னால் திரும்பி, ஓட்டை விழுந்த தரையைப் பார்த்தார். போனை எடுத்து லாரிகளைக் கூப்பிட்டார்.

அன்று சாயங்காலமே லாரிகள் கல்லோடு திரும்பி வந்தன. குழாய்கள் முதல் முறையாகக் கீழிருந்து மேலே இரைந்தன. எடைமூளைக்கு, வடகிழக்கில் ஊரே நிற்பதாகப் பொய்க் கணக்கு ஊட்டினார்கள். மூலைத் தூண் நாளுக்கு நாள் சதை போட்டது. அதிலிருந்து கிளம்பிய வளைவுகள் ஒவ்வொரு பால்கனியையும் உள்ளங்கையில் ஏந்துவதுபோல் ஏந்திக்கொண்டன. பெண்கள் புதுக் கயிறு கட்டினார்கள்.

தேர் வந்தது. முக்கில் நின்றது, ஆடியது, கூட்டம் ஓவென்று கூவ மெல்லத் திரும்பியது. அண்ணாச்சியின் சம்பந்தி வீட்டார் உள்பட மொத்த ஜனமும் மூலையில் முட்டி மோதியது. வடிவு ஒருத்தி மட்டும் தேரைப் பார்க்கவில்லை. பூஜை அறைத் தூணில் உள்ளங்கையை அழுத்தி வைத்துக்கொண்டு நின்றாள். தூண் லேசாக முனகியது. நின்றது.

தேர் போன மறுவாரம் ஒரு ரசீதுக்காக அவள் சீர்வடிவம் அலுவலகத்துக்குப் போனாள். இரண்டாம் மாடியில் குறைதீர் கூடத்தின் வாசற்படி மட்டும் திண்ணென்று புடைத்திருந்தது. அன்று ஐம்பது பேர் நின்று கத்திய இடம். கட்டிடத்துக்கு விஷயம் எட்டிவிட்டது. உள்ளே ஓட்டையைப் பூசியிருந்தார்கள். ஆனால் படியைத் தாண்டியதும் தரையில் மறுபடியும் நிழல் நகர்ந்தது. தேன் குரல் அதே நன்றியைச் சொல்லிக்கொண்டிருந்தது.

அவள் திரும்பி வந்து சங்கத்தில் ஒரே ஒரு விஷயம் சொன்னாள். "நாம போகலைன்னா அந்தத் தரை மெலிஞ்சிரும். அடுத்த தடவை ஒருத்தரும் உள்ள போக முடியாது."

அதனால்தான் இப்போதெல்லாம் ஒரு நாள் தவறாமல், டவுனிலிருந்து யாராவது ஒருவர் சாப்பாட்டு டப்பாவோடு அங்கே போய் இறங்குகிறார். முதலில் போனவர் பிச்சையா அண்ணாச்சி. நடு நரம்பு பார்த்து ஒரு நாற்காலியைப் போட்டு, துண்டை உதறி உட்கார்ந்தார். புதிதாக வந்திருந்த அலுவலர் பதறிக்கொண்டு ஓடி வந்தார்.

"ஐயா, உங்க புகார் என்னன்னு சொன்னீங்கன்னா..."

"புகாரா? இன்னிக்கு ஒண்ணும் இல்ல தம்பி." அண்ணாச்சி டப்பாவைத் திறந்தார். புளிசாதம் மணத்தது. "நூத்துப் பத்து கிலோ வந்துருக்கேன். உங்க மூளைகிட்ட சொல்லிரும்."