நனையாத கல்

மூன்று நாளாக விடாமல் பெய்த மழையில் பின்வாசல் கல்தளம் முழுவதும் குளமாகிக் கிடந்தது. ஒரே ஒரு கல் மட்டும் நனையவில்லை. சமையலறைக் கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து மேவிஸ் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். மழை அதன்மேலும் விழத்தான் செய்தது. ஆனால் விழுந்த துளி விழுந்த மறுகணம் உள்ளே இழுக்கப்பட்டு, கல் பழையபடி வெளிறிப்போய்க் கிடந்தது.

"க்ளிஃப், அந்தக் கல்லைப் பாரேன்."

அவள் கணவன் க்ளிஃபர்ட் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அதையாவது ஒழுங்கா போட்டிருக்கானுங்கன்னு சந்தோஷப்படு."

இங்கிலாந்தின் பழைய நிலக்கரிச் சுரங்க ஊரான பார்ன்ஸ்லிக்கு வெளியே ஒரு தெருவில் முப்பது வருடமாக அவர்கள் வீடு. பக்கவாதம் வந்து மேவிஸின் இடது பக்கம் செயலிழந்தபின், இரண்டு படி இறங்கித் தோட்டத்துக்குப் போவதே அவளால் முடியாமல் போயிற்று. அவளை நாற்காலியோடு வெளியே கொண்டுபோக வேண்டுமென்றுதான் க்ளிஃபர்ட் வாசல்மட்டத்துக்குக் கல்தளம் போட நினைத்தான். அந்த நேரம் பார்த்து ஒரு வெள்ளை வேனில் மூன்று பேர் வந்து கதவைத் தட்டினார்கள். பக்கத்துத் தெரு வேலையில் கல் மிஞ்சிவிட்டதாம். நாற்பது வருடம் பஸ் ஓட்டிய க்ளிஃபர்ட் யாரையும் நம்பிவிடுவான்; வேலையை அவர்களிடமே கொடுத்தான்.

நாலாவது நாள் அவர்கள் கிளம்பிப்போனார்கள். வாளி, ரப்பர் சுத்தியல், பாதி குடித்த தேநீர்க் கோப்பைகள் எல்லாம் போட்டது போட்டபடி. அதன்பிறகு ஃபோனை எடுக்கவேயில்லை. ஒரு கல் மேடு, ஒரு கல் பள்ளம், மிதித்தால் எல்லாம் ஆடியது. போன மாதம் ஒரு விளிம்பில் சக்கரம் தட்டி, மேவிஸ் விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து க்ளிஃபர்ட் அவள் முகத்தைப் பார்த்துப் பேசுவதைக் குறைத்துக்கொண்டான்.

அவனிடம் அவள் சொல்லாத ஒன்று இருந்தது. அந்த மூன்று பேரும் போன அன்று, அவர்களின் தலைமை ஆளான டகி இந்தக் கதவருகே வந்து நின்றான். உதடு வெளுத்திருந்தது. "மேடம், உங்க வீட்டுக்குக் கீழ நிலவறை ஏதாவது இருக்கா?" இல்லை என்றாள். தலையாட்டிவிட்டுப் போனான். பத்து நிமிடத்தில் வேன் இல்லை.

சனிக்கிழமை மதியம் மழை விட்டது. நவம்பர் மாத வெளிச்சம் மூன்று மணிக்கே மங்கத் தொடங்கியிருந்தது. க்ளிஃபர்ட் ரசமட்டமும் கடப்பாரையும் எடுத்துக்கொண்டு, அவர்கள் விட்டுப்போன சுத்தியலோடு வெளியே இறங்கினான்.

"நானே எல்லாத்தையும் பேத்து மறுபடி போடறேன். எவனும் வேண்டாம்."

ஒவ்வொரு கல்லாகத் தட்டினான். "கேளு, பொள்ளுன்னு கேக்குது பாரு. மூலைக்கு ஒரு உருண்டை கலவை, நடுவுல ஒண்ணு. மிச்சமெல்லாம் வெறும் காத்து. திருட்டுப் பசங்க."

நனையாத கல்லுக்கு வந்தான். டொக், டொக்.

சுத்தியலை ஓங்கிய கை காற்றில் நின்றது. கீழேயிருந்து: டொக், டொக்.

"எதிரொலி," என்றான். சிரித்தான். மூன்று முறை தட்டினான். மூன்று வந்தது. சுத்தியலைக் கீழே வைத்துவிட்டான். அவன் தட்டாமலேயே, நிதானமாக, நான்கு வந்தது.

மேவிஸ் மடியிலிருந்த ஃபோனை எடுத்து டகியின் எண்ணை அழுத்தினாள். இத்தனை மாதம் எடுக்காதவன் இரண்டாவது மணியிலேயே எடுத்தான்.

"கல்லைத் தொட்டுட்டீங்களா?"

"கீழ என்ன இருக்கு?"

"தெரியாது மேடம். சத்தியமா தெரியாது. தோண்டினோம், மண்ணு உள்ள போயிடுச்சு. ஓட்டை. அவசரமா மூடினோம். தட்டி மட்டம் பாத்தா..." அவனுக்கு மூச்சு வாங்கியது. "தட்டாதீங்க. தட்டினா மேல ஆள் இருக்குன்னு அதுக்குத் தெரிஞ்சிடும்."

"பொய் சொல்ற. செஞ்ச வேலைக்குச் சாக்கு சொல்ற."

"அதத் தூக்காதீங்க மேடம்."

மேவிஸ் நல்ல கையால் கண்ணாடியை அறைந்தாள். க்ளிஃபர்ட் திரும்பவில்லை. கடப்பாரை ஏற்கெனவே இடுக்கில் இறங்கியிருந்தது. கல் எழும்பிச் சாய்ந்தது. கதவிடுக்கு வழியே ஒரு வாடை உள்ளே வந்தது. ஈரக் கரியும், அடைத்துவைத்த மூச்சும் கலந்த வாடை.

அவன் மண்டியிட்டுக் குனிந்தான். "மேவிஸ், யாரோ இருக்காங்க! கை தெரியுது! ஆம்புலன்ஸுக்குச் சொல்லு!"

"தொடாத, க்ளிஃப்! உள்ள வா!"

ஆனால் அவன் க்ளிஃபர்ட். தோள்வரை கையை உள்ளே விட்டான். "பிடிச்சுட்டேன். பயப்படாதப்பா, பிடிச்சுட்டேன்." பிறகு அவன் முகம் மாறியது.

"இது ஒரு ஆளோட கை இல்ல... நிறைய..."

கத்தவில்லை. கன்னம் கல்லில் உரசியது. தோள் போயிற்று. தலை. இடுப்பு. ஒரு பூட்ஸ் மட்டும் ஓட்டையின் விளிம்பில் சற்றுநேரம் ஆடியது. அதுவும் போயிற்று.

மேவிஸ் அவசர எண்ணை அழைத்தாள். முகவரி கேட்டார்கள்; சொன்னாள். என்ன நடந்தது என்று கேட்டார்கள். ஃபோனைக் காதில் வைத்தபடியே கண்ணாடிக் கதவைப் பார்த்தாள்.

வெளியே கல் நகர்ந்தது.

கீழிருந்து விரல்கள் அதன் விளிம்பைப் பிடித்திருந்தன. மெல்ல இழுத்தன. பொருத்தின. சற்றே வலம். சற்றே இடம். கைதேர்ந்த கொத்தனாரின் பொறுமை. பிறகு அடுத்த கல் அசைந்தது. அதற்கடுத்தது. மேடு இறங்கியது. பள்ளம் ஏறியது. தேங்கிய தண்ணீர் வழிந்து போயிற்று. வரிசை வரிசையாக, கதவை நோக்கி.

வாசற்படியை ஒட்டிய கல் கடைசியாக உட்கார்ந்தது. மயிரிழை பிசகில்லை.

"சமமா இருக்கு, கண்ணு," என்றது க்ளிஃபர்டின் குரல், அவள் பாதத்துக்கு நேர் கீழே. "வெளிய வா."

மங்கும் வெளிச்சத்தில், கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே ஒவ்வொரு இடுக்கிலும், புல் முளைத்ததுபோல் விரல் நுனிகள் நின்றன. அத்தனையும் அவள் பக்கம் வளைந்திருந்தன.