மாடி ஏறாமல் கட்டிய துணி

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்குச் சங்கு ஊதியதும் சுகிர்தம் வாசல் நிலையில் மஞ்சள் துணியைக் கட்டினாள். தெரு முழுக்கக் கதவுகள் திறந்து மூடின. மஞ்சள் என்றால் உள்ளே ஆள் இருக்கிறது. வெள்ளை என்றால் வீடு காலி. கடல் மூன்றாம் முறை ஏறிய பிறகு தூத்துக்குடியில் பிறந்த பிள்ளைகளுக்கு அகரத்துக்கு முன்னால் இந்த இரண்டு நிறங்களைத்தான் சொல்லிக் கொடுக்கிறார்கள். வெள்ள ஒத்திகை நாளில் ட்ரோன் ஒன்று தாழப் பறந்து மஞ்சளைக் கணக்கெடுத்துக்கொண்டு போகும். அது போனதும் துணியை அவிழ்த்து, உப்புப் பூத்த நிலைக்காலைத் துடைத்துவிட்டு, அவரவர் அடுப்படிக்குத் திரும்புவார்கள்.

வெள்ளைத் துணியை வீட்டார் கட்டக் கூடாது. வெள்ளத் தொண்டர் ஒருவர் அறை அறையாகப் போய்ப் பார்த்துவிட்டுத் தன் கையால் கட்ட வேண்டும். அதைக் கண்டால் மீட்புப் படகு நிற்காது. வேதாகமத்தில், எகிப்தில் நிலைக்காலில் ஆட்டு ரத்தத்தால் இட்ட அடையாளத்தைக் கண்டு சாவு அந்த வீட்டைக் கடந்து போயிற்று. பத்து வருடத்துக்கு முன் சுகிர்தத்தின் வீட்டு நிலைக்காலில் இருந்த அடையாளத்தைக் கண்டு படகு கடந்து போயிற்று.

அன்று அவள் அடுப்புப் பற்ற வைக்கவில்லை. பத்து மணிக்கு எதிர்க்காட்சி மன்றத்தில் இருக்க வேண்டும்.

படகுப் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டாள். சிறைச்சாலைகளை மூடி இருபது வருடம் ஆகிவிட்டது. இப்போது தவறு செய்தவர் மன்றத்தில் ஒரு நாற்காலியில் உட்கார்வார்; தலையில் ஒரு வளையத்தை மாட்டுவார்கள். தான் செய்ததை, பாதிக்கப்பட்டவரின் கண்ணால், பாதிக்கப்பட்டவரின் நெஞ்சால் அவர் காண வேண்டும். அதற்காகப் பாதிக்கப்பட்டவரின் நினைவை முன்கூட்டியே பிரதியெடுத்து, நினைவுப்படியாக வைத்திருப்பார்கள். நாற்பது நிமிடம்தான். அடி கிடையாது, பூட்டு கிடையாது. இதைவிடச் சரியான நீதி உலகத்தில் இல்லை என்று எல்லோரும் சொன்னார்கள். சுகிர்தமும் சொல்லியிருக்கிறாள், பக்கத்து வீட்டு லில்லியின் கணவர் அந்த நாற்காலியிலிருந்து திரும்பி வரும்வரை. அவர் வந்து இரண்டு வருடமாகிறது. இன்னும் சுவரைப் பார்த்துத்தான் உட்கார்ந்திருக்கிறார்.

அவளுடைய நினைவுப்படியை மூன்று வாரத்துக்கு முன் எடுத்தார்கள். வெள்ளம் வந்த அன்று அவள் மேட்டுப் பள்ளிக்கூட முகாமில் செவிலியாக இருந்தாள். வீட்டு மாடியில் கணவர் தேவபிச்சை படுத்திருந்தார். பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்துபோன ஆசிரியர். குரலும் பாதி போயிருந்தது. வந்த படகையெல்லாம் அவள் ஓடி ஓடிப் பார்த்தாள். 'உங்க தெருவுல வெள்ளை கட்டியாச்சும்மா, வேற முகாம்ல இருப்பாரு' என்றார்கள். மூன்று நாள் முகாம் முகாமாக நடந்தாள். தண்ணீர் வடிந்து வீட்டுக்குப் போனபோது, காலில் கிடந்த தன்னுடையதல்லாத ஒரு நீலச் செருப்பை மாடிப்படிக்குக் கீழே பழக்கதோஷத்தில் கழற்றிவிட்டு ஏறியது அவளுக்கு நினைவிருக்கிறது. வெள்ளம் மாடிவரை ஏறவேயில்லை. தேவபிச்சை மேல்படியில் கிடந்தார். கையில் மஞ்சள் துணி சுருண்டிருந்தது. இரண்டாம் நாள் இரவுவரை உயிரோடு இருந்திருக்கிறார் என்றார் மருத்துவர்.

பக்கத்து வீட்டு வெள்ளைத் துணி காற்றில் பறந்து வந்து நிலையில் சிக்கியிருக்கும் என்று விசாரணையில் எழுதினார்கள். போன மாதம்தான் ஒருவர் தானாகவே மன்றத்துக்கு வந்து, நான் கட்டினேன் என்று சொல்லியிருக்கிறார். பெயர் ஜெயசிங்.

மன்றம் மாடியில் இருந்தது. இருபத்திரண்டு படி. பதிவாளர் ஜெனோவா எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"வாங்கம்மா. மூச்சு வாங்குதே, தண்ணி குடிக்கியளா?"

"வேண்டாம் மக்கா. சீக்கிரம் முடிச்சிருவோம்."

"விலக்குன்னுதான் முடிவா?"

"ஆமா. நான் மன்னிச்சாச்சு. யாரா இருந்தாலும் மன்னிச்சேன்னு பத்து வருஷமா ஜெபத்துல சொல்லிட்டுத்தான இருக்கேன். இப்ப பேரு தெரிஞ்சுபோச்சு, அவ்வளவுதான்."

சட்டம் பாதிக்கப்பட்டவருக்கு மூன்று வழி வைத்திருந்தது. தவறு செய்தவர் தனியே காணட்டும் என்று விடலாம். காண வேண்டாம் என்று விலக்குத் தரலாம். அதற்கு இருவர் கைரேகையும் வேண்டும். மூன்றாவது, பக்க இருக்கை. அதைப் பற்றி ஜெனோவா விளக்கவேயில்லை. யாரும் கேட்பதில்லை.

படியேறி வந்தவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். தேய்ந்த ரப்பர் செருப்பு, கஞ்சி போட்டுத் தேய்த்த சட்டை. சுகிர்தத்தைப் பார்த்ததும் கைகூப்பி, "ஸ்தோத்..." என்று கோயிலில் சொல்லும் வணக்கத்தைத் தொடங்கி, மீதியை விழுங்கிக்கொண்டார்.

ஜெனோவா விலக்குப் பலகையை அவர் பக்கம் நகர்த்தினாள். "அம்மா உங்களுக்கு விலக்கு குடுக்காங்க. இதுல கட்டைவிரலை வைங்க, வீட்டுக்குப் போயிரலாம்."

ஜெயசிங் பலகையைப் பார்த்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "வேண்டாம்மா."

"என்னது?"

"நான் பாக்கணும்."

ஜெனோவா நிமிர்ந்தாள். "ஏழு வருஷமா இந்த மேசையில இருக்கேன். விலக்கு கேட்டு கால்ல விழுந்தவங்களைத்தான் பாத்திருக்கேன். அண்ணாச்சி, வீட்டுல சொல்லிட்டுத்தான் வந்தியளா?"

"அவதான் பஸ் ஏத்திவிட்டா. போயிட்டு மனுசனா திரும்பி வான்னு சொன்னா."

சுகிர்தத்துக்குக் கோபம் வந்தது. பத்து வருடம் பாடுபட்டுச் சேர்த்த ஒன்றை நீட்டும்போது வேண்டாம் என்கிறாரே. "நான்தான் மன்னிச்சேன்னு சொல்லுதேனே. பிறகென்ன?"

அவர் தரையைப் பார்த்தபடியே பேசினார். "அக்கா, அன்னைக்கு எனக்கு இன்னும் பதினோரு வீடு பாக்கி. என் பிள்ளை எங்க இருக்கான்னு தெரியல. உங்க வீட்டு நடையில நின்னுட்டு, 'யாரும் இருக்கியளா'ன்னு ஒரு சத்தம் குடுத்தேன். பதில் வரல. மாடி ஏறல. கட்டிட்டுப் போயிட்டேன். கோயில்ல விசுவாசப் பிரமாணம் சொல்லும்போது, ஆண்டவர் நியாயந்தீர்க்க வருவார்னு வருமே, அந்த இடத்துல பத்து வருஷமா என் வாய் மூடிக்கிடும்."

"அதைத்தான் மன்னிச்சேங்கேன்."

"எதை மன்னிச்சிய? எனக்கே என்ன செஞ்சேன்னு முழுசாத் தெரியாது. உங்களுக்கும் நான் யாருன்னு தெரியாது. பாக்காமலே போகட்டும்னு விட்டா..." அவர் நிறுத்தினார். சொல்லலாமா என்று தயங்குவது தெரிந்தது. "அது நான் கட்டுன வெள்ளைத் துணி மாதிரிதான்க்கா. மாடி ஏறாம கட்டுறது."

சுகிர்தம் தன் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டாள். அவள் ஜெபத்தில் அந்த மாடிப்படி ஒருநாளும் வந்ததில்லை. நடையில் நின்று ஒரு குரல் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுவாள்.

ஜெயசிங் காட்சி அறை வாசலில் செருப்பைக் கழற்றி, இரண்டையும் சேர்த்துச் சுவரோரம் வைத்துவிட்டு உள்ளே போனார். கண்ணாடி வழியே தெரிந்தது. நாற்காலியின் கைப்பிடியை முதலில் தடவிப் பார்த்தார், பல் பிடுங்கப் போகிறவரைப்போல.

"அவருக்கு என்ன காட்டப் போறிய?" என்றாள் சுகிர்தம்.

"உங்க நினைவுப்படிதான். மூணு நாள்ல வலி மட்டும் வச்சுக்கிட்டு மத்ததை வெட்டிருவோம். சட்டம் அப்படி. அதான் நாப்பது நிமிசத்துக்குள்ள வருது."

வலி மட்டும். லில்லியின் கணவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பது எதனால் என்று அவளுக்கு இப்போது விளங்கியது.

தேவபிச்சை ஞாபகம் வந்தது. பள்ளிக்கூடத்தில் எவனையாவது வெயிலில் நிற்க வைத்தால், தானும் போய்ப் பக்கத்தில் நிற்பார். மற்ற ஆசிரியர்கள் கேலி செய்வார்கள். வீட்டுக்கு வந்து முகம் கறுத்துக் கிடப்பவரை அவளும் ஏசியிருக்கிறாள். 'தண்டனை குடுத்தாச்சு, அதை மாத்த முடியாது சுகிர்தா. ஆனா தனியா நிக்கணும்னு எங்க எழுதியிருக்கு?' என்பார்.

"அந்தப் பக்க இருக்கைன்னா என்ன மக்கா?"

ஜெனோவா விலக்குப் பலகையை ஒதுக்கி வைத்தாள். "நீங்க அவருக்குப் பக்கத்துல உக்காரணும்மா. அப்ப நினைவுப்படி தேவையில்ல, உங்க நெஞ்சுலருந்து நேரா ஓடும். வெட்டு கிடையாது. மூணு நாளும் முழுசா ரெண்டு பேரும் நடக்கணும். வெளிய ரெண்டு மணி நேரந்தான், உள்ள மூணு நாள். நீங்க மறுபடியும் அந்த மாடி ஏறணும்மா."

"யாரும் உக்காந்திருக்காங்களா?"

"நான் வந்த பிறகு இல்ல." அவள் எழுந்து உள்ளே போய், தன் துப்பட்டா நுனியாலேயே அந்த இருக்கையின் தூசியைத் தட்டினாள்.

சுகிர்தம் உட்கார்ந்ததும் ஜெயசிங் பதறிப்போனார். "அக்கா, உங்களுக்கு எதுக்கு இந்தத் தண்டனை? நான்தான செஞ்சேன்?"

"கையைக் குடுங்க," என்றாள். அந்தக் கை குளிர்ந்து கிடந்தது.

வளையம் தலையில் இறங்கியது. மழை.

முதல் படகு வந்தது. தேவபிச்சை இல்லை. இரண்டாவது வந்தது. இல்லை. அன்று அவளுக்குள் மட்டும் இறங்கிய பயம் இப்போது இரண்டு பேருக்குள் இறங்கியது. பக்கத்தில் ஒருவர் மூச்சைப் பிடித்துக்கொள்வது கேட்டது. முகாமின் சகதியில் அவள் செருப்பு புதைந்து போயிற்று. வெறுங்காலோடு ஓடினாள். உப்பு மூட்டையும் உடைந்த கண்ணாடியும் கலந்து கிடந்த தெருவில் பாதம் கிழிந்தது. மழைச்சட்டைத் தொப்பிக்குள் முகம் தெரியாத ஒரு தொண்டரை மறித்தாள். 'ஆசிரியர் வீடு, மாடி வீடு, பாத்தியளா?' 'பாத்தாச்சும்மா. காலி. வேற முகாம்ல தேடுங்க.'

அவள் கையைப் பிடித்திருந்த கை விலகப் பார்த்தது. அது ஜெயசிங்கின் குரல்.

தொண்டர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. முகத்தைப் பார்க்க முடியாதவர் காலைப் பார்த்தார். ரத்தம் வழிந்த காலை. சட்டென்று குனிந்து, தன் நீலச் செருப்பைக் கழற்றி அவள் முன்னால் வைத்துவிட்டு, வெறுங்காலோடு மழைக்குள் போய்விட்டார்.

அந்தச் செருப்பு அளவுக்கு மிஞ்சிப் பெரியது. மூன்று நாளும் அது பட்பட்டென்று அடித்துக்கொண்டே வந்தது. அதை மாட்டிக்கொண்டுதான் அவள் ஏழு முகாமும் நடந்தாள். அதைத்தான் படிக்குக் கீழே கழற்றினாள்.

படி ஏறினார்கள். ஒன்று, இரண்டு. அவர் நின்றுவிட்டார். அவள் இழுக்கவில்லை, தானும் நின்றாள். பிறகு சேர்ந்தே ஏறினார்கள். மேல்படியில் மஞ்சள் துணி சுருண்ட கை. பத்து வருடத்தில் அவள் முதல்முறையாக அதன் விரல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். இம்முறை பக்கத்தில் இன்னொருவர் அழுதார். அன்று அந்த வீட்டில் அவளோடு அழ யாரும் இருக்கவில்லை.

வளையத்தைக் கழற்றியபோது உச்சி வெயில் ஜன்னலில் இருந்தது. ஜெனோவா இரண்டு டம்ளர் தண்ணீரோடு நின்றாள். ஜெயசிங் தண்ணீரை வாங்கவில்லை. சுவரைப் பார்க்கிறாரோ என்று சுகிர்தம் பயந்தாள். இல்லை. தன் பாதங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான்... செருப்பு குடுத்தேனா?"

"குடுத்திய. உங்களுக்கு நினைவில்லையா?"

"இல்லக்கா. பொய் சொன்னது மட்டுந்தான் நினைவிருக்கு."

"எனக்கும் யார் குடுத்தான்னு மறந்தே போச்சு."

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஆனா அது போதாதேக்கா. சாருக்கு அது போதாதே."

"போதாது," என்றாள் அவள். பொய் சொல்ல அவளுக்கு மனமில்லை. "ரெண்டாம் நாள் வரை உசுரோட இருந்தாங்க. அதுக்கு எதுவுமே போதாது. ஆனா நீங்க செருப்பு குடுத்ததும் நடந்துச்சு. நான் பாத்தேன். இப்ப சொல்லுதேன், உங்களைப் பாத்தே சொல்லுதேன். மன்னிச்சேன்."

ஜெயசிங் எழுந்திருக்க முயன்றார். முழங்கால் மடங்கியது. எதிர்க்காட்சி முடிந்தவர்களுக்குக் கால் தன்னுடையதாகக் கொஞ்ச நேரம் பிடிக்கும் என்று ஜெனோவா சொன்னாள். சுகிர்தம் அறை வாசலுக்குப் போனாள். சுவரோரம் இருந்த தேய்ந்த செருப்பு இரண்டையும் எடுத்துக்கொண்டு வந்து அவர் முன்னால் முழங்கால் போட்டாள்.

"அய்யோ, அக்கா, வேண்டாம், விடுங்க."

"சும்மா இருங்க."

ஒரு காலை எடுத்து மாட்டினாள். பெருவிரல் வாருக்குள் போக மறுத்தது, பிடித்து நுழைத்தாள். பிறகு அடுத்த கால். மாட்டி முடித்ததும் எழுந்து, அவர் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டாள்.

வெளியே சற்று முன் கழுவிவிட்ட மாடிப்படி இன்னும் காயவில்லை. இருபத்திரண்டு படி. முதல் படியில் அவள் காலை ஊன்றிப் பார்த்தாள்.

"வழுக்குது, தம்பி," என்றாள். "பாத்து, மெதுவா வாங்க. நான் பிடிச்சிருக்கேன்."